தலைமடை முதல் கடைமடை வரை

காவிரிப் படுகையில் இரண்டு குடியானவர்கள் தை மாதத்தில் சந்தித்துக்கொண்டால், க்ஷேம சமாசாரங்களை விசாரித்து முடித்த உடனே அவர்களுக்குள் எழுகிற கேள்வி, “மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது?” என்பதாகவே இருக்கும். மா என்பது நூறு குழி, ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. மூட்டை என்பது இரண்டு கலம், நிறையில் ஏறக்குறைய 60 கிலோ. மாவுக்குப் பத்து மூட்டை கண்டதென்று ஒருவர் சொன்னால், ஏக்கருக்கு 1,800 கிலோ என்றும், எக்டேருக்கு நாலரை டன்னுக்குச் சற்றே குறைவு என்றும் நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்தியா முழுமைக்குமான சராசரி எக்டேருக்கு நான்கு டன் நெல்லை ஒட்டியே நிற்பதால், பத்து மூட்டை கண்டவர் தேசத்தின் சராசரியைத் தாண்டியவர் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவர் முகத்தில் அதற்குத் தகுந்த சந்தோஷம் தென்படுவதில்லை. அதன் காரணத்தை ஆற்றின் வழியே நடந்து சென்று நேரில் பார்த்துவிட வேண்டுமென்ற விருப்பத்தினால், மேட்டூர் அணையை மூடும் தருணமான தை மாதத்து நடுவில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டேன்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடம் என்ற பெயரோடும், தென்கிளை தன் சொந்தப் பெயரோடும் ஸ்ரீரங்கத்தை இருபுறமும் அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்து சரிவாக அமைந்திருப்பதால், தன்னிச்சையாக விட்டால் ஜலம் முழுவதும் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமையின் காவிரியோ வண்டல் படிந்து மேடிட்டுப்போகும். இந்த அபாயத்தைத் தடுக்கும் பொருட்டே ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1836-இல் மேலணையைக் கட்டினார். அவருக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, மணற்படுகையின்மீது கற்களை அடுக்கி, சுமார் 1,080 அடி நீளத்துக்கு, அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆழத்தில் பாறை கிடையாத மணலின்மேல் அணை நிற்கக் கூடும் என்ற பாடத்தைக் காட்டன் இங்கே கற்றுக்கொண்டுபோய்க் கோதாவரியில் பிரயோகித்தார் என்பது நம் நாட்டுத் தொழில் நுட்பத்துக்கு உரிய கௌரவம். கல்லணையின் மதகுகளுக்கு மேலே நின்று பார்க்கும்போது, காவிரி ஒருபுறமும், வெண்ணாறு ஒருபுறமும், மேட்டூர்த் திட்டத்தை ஒட்டி வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் ஒருபுறமும் பிரிந்து செல்கிற காட்சியில், கீழே பரந்து கிடக்கும் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தின் தலையெழுத்தே பங்கு பிரிக்கப்படுகிறது. அன்று மதகுகளில் ஜலம் குறைந்து, அடிமணல் ஆங்காங்கே வெளியே தெரிந்தது. சம்பாவுக்கு அப்போது தண்ணீர் தேவைப்படாத காலமாகையால் அதைக் குறித்து ஒருவரும் கவலைப்படவில்லை.

குடியானவர்கள் தண்ணீருக்காகக் கவலைப்படுகிற காலம் ஆனி மாதம். 1934-இல் முடிவு பெற்ற மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; நீர்மட்டம் 120 அடி. ஜூன் 12-ஆம் தேதி அதைத் திறந்து, ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு. உரிய தேதியில் திறந்தால், நூற்றைந்து முதல் நூற்றுப் பதினைந்து நாளில் விளைகிற குறுவை நட்டு, புரட்டாசி ஐப்பசியில் அறுத்து, அதே வயலில் தாளடி நட்டுத் தை மாசியில் இரண்டாவது முறை கண்டுமுதல் பார்க்கலாம். தேதி தவறினால் குறுவை தவறும். ஐந்து மாத வயதுள்ள ஒருபோகச் சம்பா மட்டுமே மிஞ்சும். ஆகையினால் மாவுக்குப் பத்து மூட்டை என்கிற கணக்கைக் கேட்கிறபோது, அது வருஷத்துக்கு ஒரு போகத்திலா இரு போகத்திலா என்று உடனே கேட்டுவிடுவது உத்தமம். அந்தக் கேள்விக்குரிய விடையை நிலத்துக்காரர் தருவதில்லை, குடகு மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையும், இரு மாநிலங்களுக்கிடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்குமே தருகின்றன. தமிழகத்துக்கு ஆண்டுதோறும் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வருஷம் முழுவதற்குமான அளவைவிட, ஆனி ஆடியில் வருகிற அளவே நெற்பயிருக்கு முக்கியம்.

திருவையாற்றைக் கடந்து கும்பகோணத்தை நோக்கிச் செல்கிற பாதையில், இருபுறமும் மஞ்சள் ஏறிய சம்பா வயல்கள். வழியில் ஒரு களத்தில் இறங்கி, அறுவடை எந்திரத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்பெல்லாம் அறுப்பும் கட்டும் அடிப்பும் தூற்றலுமாகப் பல நாள் நடந்த காரியம், பெல்ட் வண்டி என்று அவர்கள் சொல்கிற எந்திரத்தினால் மணிக்கணக்கில் முடிந்துவிடுகிறது. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துபோகும் என்பதால் பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். மழை பெய்துவிட்டால் வாடகை மேலும் ஏறும். “வண்டி ஓடுற நேரத்துக்குக் காசு, ஐயா. பயிர் சாய்ஞ்சு கிடந்தா ஒரு மணி நேர வேலை ரெண்டு மணியாகும். அந்தக் காசும் நம்ம நெல்லுலதான் போவுது,” என்றார் பெரியவர். பயிர் சாய்வதற்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

நெல்லின் விளைச்சல் நான்கு எண்களின் பெருக்குத் தொகை என்று விஞ்ஞானிகள் கூறுவார்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர். ஒரு கதிரில் எத்தனை மணி. அம்மணிகளில் பதராகவும் கருக்காயாகவும் போகாமல் பால் பிடித்து முற்றியவை எத்தனை பங்கு. ஆயிரம் மணியின் எடை எவ்வளவு. தூர் கட்டும் பருவத்தில் முதல் எண் நிர்ணயமாகிறது. கதிர் உருவாகும் பொதிப் பருவத்தில் இரண்டாவது. பூத்து மகரந்தம் சேர்ந்து பால் பிடிக்கும்போது மூன்றாவது. நான்காவது பெரும்பாலும் விதையின் பிறவிக் குணம். பூக்கும் சமயத்தில் ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் விடாமழை பெய்தாலும், அதற்கு முன் செய்த உழைப்பெல்லாம் பதராகிக் காற்றில் பறந்துவிடும். குறுவைக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கிறது. சம்பா தன் இளமையை வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டத்தில் கழிக்கிறது. எகிப்திலும் ஆஸ்திரேலியாவிலும் எக்டேருக்கு எட்டு ஒன்பது டன் விளைவது சாதாரணமென்றால், மேகமற்ற வெயிலும் கட்டுக்குள் நிற்கிற பாசனமும் ஒருங்கே அமைந்திருப்பது அதற்குப் பெருங்காரணம். நம் குடியானவனுடைய சோம்பலை அதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் மார்கழி மாதத்து வானத்தைப் பார்த்தவர்கள் அல்லர்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறை இருக்கிறது. 1922-ஆம் ஆண்டு முதல் இங்கே நெல் ஆராய்ச்சி நடந்துவருகிறது. பெயர்ப்பலகை மட்டும் இல்லாவிட்டால் சாதாரண வயல்வெளி என்றே கடந்து போய்விடலாம். ஆனால் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் ஆ.து. என்றும் ஏ.டி.டி. என்றும் எண்களோடு சேர்த்துச் சொல்கிற அத்தனை ரகங்களுக்கும் பிறந்தகம் இதுதான். ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் 1960-களின் நடுவில் இங்கிருந்து வெளிவந்தது. ஜப்பானிய இனமான நோரின் 10-ஐயும், கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உண்டாக்கப்பட்டது அது. அப்போது தஞ்சை ஜில்லாவில் தீவிர வேளாண் திட்டம் நடந்துகொண்டிருந்தபடியால், விதையும் உரமும் கடனும் ஆலோசனையும் ஒருசேரக் கிடைத்து, அந்த ரகம் வெகு துரிதமாகப் பரவியது. 1966-இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. பழைய நெடிய சம்பாக்கள், உரம் அதிகமிட்டால் உயர வளர்ந்து சாய்ந்துவிடும். தாம் தயாரித்த உணவில் மூன்றிலொரு பங்கையே மணிக்குக் கொடுத்து, மற்றதை வைக்கோலாக்கும். குட்டை ரகமோ உரத்தைத் தாங்கி நிமிர்ந்து நின்று, பாதியை மணிக்குக் கொடுக்கும். விளைச்சல் இரட்டித்ததன் மர்மம் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

எந்த ரகமும் எல்லா வரமும் பெற்று வந்ததில்லை. ஐ.ஆர். 8-இன் சோற்றைச் சுவையில்லாதது என்று நம் ஜனங்கள் ஒதுக்கினார்கள். புகையான் பூச்சிக்கு அது எளிதில் இரையாயிற்று. உறக்கக் காலம் இல்லாத குறுவை ரகங்கள், ஐப்பசி மழையில் அறுவடைக்கு முன்பே கதிரில் முளைவிட்டுக் குடியானவர்களைக் கலங்க வைத்தன. ஒவ்வொரு குறையையும் தீர்க்கப் புதிதாக ஒரு ரகம் வேண்டியிருந்தது, ஏ.டி.டி. 36, 37, 43, 45 என்று குறுவைக்கும், சி.ஆர். 1009 போன்றவை சம்பாவுக்கும் வந்து சேர்ந்தன. இன்று வயலுக்கு வயல் விளைச்சல் வேறுபடுவதற்கு விதையைவிடப் பராமரிப்பே அதிகக் காரணம். தழைச்சத்தை அள்ளிக் கொட்டி, கரும்பச்சை கண்டால் பூரித்துப்போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கரும்பச்சையே குலைநோய்க்கும் புகையானுக்கும் விருந்து. இலையின் நிறத்தை ஒப்பிட்டு உரமிடுவதற்கு இலை வண்ண அட்டை என்று சுலபமான சாதனம் ஒன்றுண்டு. அது பல வீடுகளில் பரணில் கிடக்கிறது.

மடகாஸ்கரில் ஆன்றி டி லோலானியே என்ற பாதிரியார் 1980-களில் வகுத்த முறை, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் நம்மிடம் வந்திருக்கிறது. பதினான்கு நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ முக்காலடி இடைவெளியில் சதுரமாக நட்டு, வயலில் ஜலத்தைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு, கோனோவீடரை உருட்டிக் களையை மண்ணுக்குள் அமுக்கிவிடுவது அதன் சாரம். முப்பது கிலோ விதை விழுங்கிய ஏக்கர் மூன்று கிலோவில் நிறைந்துவிடுகிறது. தூர்கள் பல கிளைக்கின்றன. எனினும் விரும்பியபோது தண்ணீரைக் கட்டவும் வடிக்கவும் முடிந்த வயலுக்கே இம்முறை பொருந்தும். நான் விசாரித்த இடங்களில், தலைமடையில் இதைக் கைக்கொண்டவர்கள் மகிழ்ச்சியோடிருந்தார்கள். கடைமடையில் இதைக் குறித்துக் கேட்டால் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் காரணத்தை அறிய வெண்ணாற்றின் போக்கைப் பின்பற்ற வேண்டும். தஞ்சைக்கு அருகே தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒவ்வொரு தலைப்பிலும் ஆறு மெலிந்து, வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைசியில் ஒரு முழ அகலத்தில் வயலுக்குள் நுழைகிறது. இந்த நீண்ட வழியில் தூர்ந்த வாய்க்காலும், உடைந்த மதகும், வெங்காயத்தாமரை மண்டிய வடிகாலும் ஆளுக்குக் கொஞ்சம் காலத்தை விழுங்கிவிடுகின்றன. “ஆத்துல தண்ணி விட்ட தேதியைப் பேப்பர்ல படிப்போம், வயலுக்கு வந்த தேதியை நாங்களே எழுதி வெச்சுக்குவோம்,” என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் வயல்களில் நிலத்தடி நீர் உப்பு. தலைமடைக்காரர்களைப் போல ஆழ்குழாய்க் கிணறு போட்டு, ஆறு வருமுன் நாற்றங்கால் விட அவரால் இயலாது. ஆகவே அங்கே குறுவை அபூர்வம். நாற்றும் நடவும் இல்லாமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு, ஆற்றையும் மழையையும் சேர்த்து எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில்தான் நெல் ஜெயராமன் என்று ஜனங்கள் அழைத்த மனிதர், ஆதிரெங்கத்தை நிலைக்களமாகக் கொண்டு, நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைச் சேகரித்து, நெல் திருவிழா நடத்தி, விதை பெற்றவர்கள் இரு மடங்காகத் திருப்பித் தரும் வழக்கத்தை உண்டாக்கினார். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வாருடைய ஊக்கம் அவருக்குப் பின்னணியாக இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி, குழியடிச்சான் என்ற பெயர்கள் மீண்டும் வயலுக்கு வந்ததற்கு அவர் ஒரு முக்கிய காரணம். உவர் நிலத்தையும் வறட்சியையும் குழியடிச்சான் தாங்கும். ஆள் உயரம் வளரும் மாப்பிள்ளைச் சம்பா, தேங்கிய நீரில் தலை நீட்டி நிற்கும். மாவுக்குக் காணுகிற மூட்டைகள் இவற்றில் குறைவுதான். ஆனால் உரத்துக்கும் மருந்துக்கும் செலவு சொற்பம், விலையும் கூடுதல். தேசத்துக்குச் சோறு போடும் பொறுப்பை இவை ஏற்றுக்கொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம். உப்பும் வெள்ளமும் மாறிமாறி வருகிற கடைமடையில் ஒரு பகுதி நிலமாவது இவற்றின் கையில் இருப்பது புத்திசாலித்தனம் என்பதும் என் அபிப்பிராயமே.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டு விலகிச் சற்று உள்ளே சென்றால் கீழ்வெண்மணி. விளைச்சலைப் பற்றிய பிரயாணத்தில் இவ்வூரை ஒதுக்கிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. கூலி நெல்லின் அளவைச் சற்று உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் கிராமத்தில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய தலித் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். புதிய ரகங்கள் வந்து, ஜில்லாவின் கண்டுமுதல் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைக்க வேண்டும். களத்தில் குவிந்த நெல் யார் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி, விதையினாலும் உரத்தினாலும் தீர்வதன்று. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இலும், நியாயவாரச் சட்டம் 1956-இலும் வந்தன. நிலச்சொந்தக்காரரின் வாரத்தை நூற்றுக்கு நாற்பதாக வைத்த சட்டம் பின்னர் அதை இருபத்தைந்தாகக் குறைத்தது. வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்கிறவர்களுக்கு இந்தச் சதவீதம் ஏட்டோடு நிற்கிறது. பயிர்க் கடனும் இன்சூரன்சும் வெள்ள நிவாரணமும் பட்டாவில் பேருள்ளவரைத் தேடிச் செல்கின்றன, சேற்றில் இறங்கியவரைத் தேடி வருவதில்லை.

தலைஞாயிற்றையும் தாண்டி வேதாரண்யத்தின் பக்கம் வந்துவிட்டால், வரப்பின் மேல் நின்றாலே உப்புக் காற்று முகத்தில் அறையும். நிலமட்டம் கடலோடு ஏறக்குறைய சமமாக இருப்பதால், பெருமழை பெய்தால் ஜலம் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. மழை தவறினால் கடல் நீர் ஆற்றுவாயின் வழியே ஏறி வருகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறித் தென்னையையும் பயிரையும் சேர்த்துச் சாய்த்த இடமும் இதுவே. பாசனத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள், வடிகாலைப் பற்றிக் கடைமடைக்காரர்களைத் தவிர ஒருவரும் பேசுவதில்லை. அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு முன் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்து, நெல்லை அரிவாளால் அறுத்தபின் அந்தப் பனியிலேயே ஒரு பயறு மகசூல் எடுப்பது இப்பிரதேசத்தின் பழைய சாமர்த்தியம். அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் எந்திரம் வந்தபின், முளைத்த உளுந்து சக்கரத்தின் கீழ் நசுங்குகிறது. நெல்லின் கணக்கில் இந்த நஷ்டம் எங்கும் எழுதப்படுவதில்லை.

கடைசிக் கட்டம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். சாலையோரத்தில் தார்ப்பாயின்மேல் குவித்த நெல்லுக்குக் காவலாகக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அறுத்த நெல்லில் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கு மேலேயே இருக்கும். எடுத்துக்கொள்வதற்குரிய வரம்பு 17. அடாத மழைக் காலங்களில் மத்திய அரசு அந்த வரம்பைத் தளர்த்துவதுண்டு. தளர்த்தும் உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் முளை வந்துவிடுவதும் உண்டு. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் மத்திய அரசு நிர்ணயித்திருக்கிறது. அதற்குமேல் மாநில அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. மாவுக்குப் பத்து மூட்டை கண்டவருடைய ஏக்கர் 18 குவிண்டாலுக்கு, மத்திய அரசின் விலைப்படி 42,642 ரூபாய். உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுப்பு எந்திரம், ஏற்றுகூலி, குத்தகையென்று இதில் கழித்துக்கொண்டே போக வேண்டும். வியாபாரியிடம் அவசரத்துக்குக் கொடுத்தவருக்கு இந்தத் தொகையும் கிட்டாது. பத்து மூட்டைக்காரரின் முகத்தில் சந்தோஷம் இல்லாததன் காரணம் எனக்கு இங்கே விளங்கியது.

இதனால் விளைச்சலைப் பெருக்கும் முயற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடுதுறையின் ஒவ்வொரு ரகமும் பல லட்சம் வீடுகளில் பசியைத் தணித்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி இன்னும் விருத்தியடைய வேண்டும். ஆனால் புதிய விதையினால் மாவுக்கு இரண்டு மூட்டை கூடுவதற்கு ஆண்டுகள் ஆகும்; சித்திரை வைகாசியிலேயே வாய்க்காலைத் தூர் வாரி, வடிகாலைத் திறந்துவைத்து, கொள்முதல் நிலையத்துக்கு உலர்களமும் உலர்த்தும் எந்திரமும் கொடுத்து, அறுப்பு தொடங்கிய அன்றே நிலையத்தைத் திறந்தால், அதே இரண்டு மூட்டை இந்த வருஷமே குடியானவனிடம் தங்கும். மகசூல் போட்டிகளில் அதிக டன் கண்டவருக்குப் பரிசு கொடுக்கிற சர்க்கார், கடைமடை வயலுக்கு உரிய தேதியில் ஜலம் கொண்டுசேர்த்த உத்தியோகஸ்தருக்கும் ஒரு பரிசு ஏற்படுத்தட்டும். இனி எவரேனும் எக்டேருக்கு இத்தனை டன் என்று பெருமையோடு சொன்னால், செலவும் குத்தகையும் போக உழுதவனுக்கு அதில் எத்தனை மூட்டை மிஞ்சிற்று என்று வாசகர்கள் அவசியம் கேட்க வேண்டும்.